நாக்கில் வைக்கும் வசம்பு

துபாய் கராமாவிலோ ஷார்ஜா ரோலாவிலோ ஒரு தமிழ் வீட்டில் பிரசவம் என்றால், விசிட் விசாவில் வரும் பாட்டியின் பெட்டியில் பெரும்பாலும் வசம்பும் உரைகல்லும் இருக்கும். கசகசா அமீரகத்தில் தடை என்று கேள்விப்பட்டு அதை ஊரிலேயே வைத்துவிடுவார்கள். வசம்பின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

விளக்குச் சுடரில் கரியாகச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவார்கள். நாக்கிலும் ஒரு துளி. இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வசம்புச் சாறு முயல் குடலின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது என்று கராச்சி ஆகா கான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். குடல் தசைக்குள் கால்சியம் புகுவதை அது தடுக்கிறது. வயிறு உப்பிய பெரியவருக்குச் சித்த மருத்துவர் அளந்து கொடுப்பதில் நியாயம் உண்டு. பிறந்து இருபது நாளான குழந்தைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

காரணம், வசம்பு எண்ணெயில் உள்ள பீட்டா அசரோன். எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது குடலில் கட்டிகள் வந்தன. 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வட அமெரிக்க வசம்பில் இந்தப் பொருள் இல்லை. நம் ஊர் வசம்பிலோ மிக அதிகம். சித்த மருத்துவம் சுட்டுச் சுத்தி செய்யச் சொல்கிறது; சூட்டில் எண்ணெய் ஆவியாகக்கூடியது. ஆனால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று ஃபிளாட் சமையலறையில் அரைகுறையாகச் சுட்டால், எவ்வளவு மிஞ்சும் என்று யார் அளப்பது?

பலன் தெரிகிறதே என்பார்கள். பச்சிளம் குழந்தையின் வயிற்றுவலி அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். அந்தப் பெயரை வசம்பு தட்டிக்கொண்டு போகிறது. இதே வலிக்கு வளைகுடா அரபு வீடுகளில் 'பின்த் அல் தஹப்' என்ற பொடி கொடுக்கும் வழக்கம் உண்டு. அது ஈய ஆக்சைடு. குழந்தைகளை ஈய நஞ்சு தாக்கிய பிறகே மருத்துவர்கள் அதைக் கண்டறிந்தார்கள். வசம்பு அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அந்தப் பொடியையும் பாசத்தோடுதான் புகட்டினார்கள்.

பற்று வயிற்றோடு நிற்கட்டும். பாட்டியின் உள்ளங்கைச் சூடும் மெல்லிய தடவலும் குழந்தைக்கு நல்லதே. நாக்குக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் கட்டும் வசம்பு வளையலும் வேண்டாம். நூல் அறுந்தால் துண்டு நேரே வாய்க்குப் போகும். ஒருவேளை புகட்டிய பிறகு குழந்தை வாந்தி எடுத்தால், திட்டுவார்களோ என்று பயந்து டாக்டரிடம் வசம்பை மறைக்கக் கூடாது. டாக்டரும் "வீட்டில் என்ன உரைத்துக் கொடுத்தீர்கள்?" என்று முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.