அச்சமும் எள்ளலும்: ‘காஞ்சனா’ பற்றிய பார்வையாளர் அபிப்பிராயங்கள் குறித்து ஒரு நோக்கு

வர்த்தக சினிமாவை ஆராயப் புகும் விமர்சகர் பலர், படத்தை எடுத்தவரைப் பற்றியும் அதன் கதையைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அதைப் பார்த்தவர் என்ன கருதினர் என்பதைப் பொருட்படுத்துவது அரிது. ‘பாமர ரசனை’ என்ற ஒரு சொல்லில் அவ்விடயம் முடிந்துவிடுகிறது. ஆயின், சனரஞ்சகக் கலை எதுவும் பார்ப்போரின் சிரிப்பிலும் அழுகையிலுமே முழுமை பெறுகின்றது. பேய்ப்படத்துக்கும் நகைச்சுவைப் படத்துக்கும் இது இன்னும் பொருந்தும். கொட்டகையில் எவரும் அஞ்சாத பேயும் எவரும் சிரிக்காத நகையும் இருந்தும் இல்லாதவையே. எனவே, இவ்விரண்டையும் கலந்து ஆக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றிப் பார்ப்போர் கூறும் அபிப்பிராயங்களை வகைப்படுத்தி, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் நிலைபெறத்தக்கன என ஆராய்வது பயனுடைய முயற்சியாகும்.

ராகவா லோரன்ஸ் எழுதி, இயக்கி, நடித்து 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த ‘முனி 2: காஞ்சனா’ அத்தகைய ஒரு படம். 2007இல் அவரே இயக்கி நடித்த ‘முனி’யின் தொடர்ச்சியாக அது விளம்பரப்படுத்தப்பட்டது. பெருஞ் செலவுக்குரிய வெளிநாட்டுக் காட்சிகளோ வியத்தகு அரங்க அமைப்புகளோ அதன் கதைக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு நடுத்தர வீடு, ஒரு வெற்று நிலம், ஒரு கோயில் ஆகியனவே அதன் பிரதான களங்கள். பேய்க்கு அஞ்சி இரவில் தாயின் துணையின்றி வெளியே செல்லவும் மாட்டாத ஓர் இளைஞன், நண்பர்களோடு கிரிக்கெற் ஆடப் புதியதோர் இடத்துக்குப் போகிறான். அங்கு நாட்டிய விக்கெற் தடிகளோடு பேயும் வீடு வந்து சேருகிறது. கோவை சரளாவும் தேவதர்சினியும் மாமியும் மருமகளுமாக நடத்தும் பேய்ச் சோதனைகளும், இளைஞன் பெண்போல ஒழுகத் தொடங்குவதும் முற்பகுதி. அவனுள் புகுந்த ஆவிகளுள் முதன்மையானது காஞ்சனா என்னும் திருநங்கையினது என்பதும், அவள் எவ்வாறு கொல்லப்பட்டாள் என்பதும், அவள் பழிதீர்ப்பதும் பிற்பகுதி. காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். படம் பெருவெற்றி பெற்றது. ஆயினும், வெற்றிபெற்ற படம் பற்றி அனைவரும் ஒரே அபிப்பிராயம் கொண்டிருந்தனர் என்பதற்கில்லை.

பார்ப்போரிடையே முதலில் எழும் குறை, இது தொடர்ச்சியன்று, பழைய கதையையே மீண்டும் சொல்வது என்பதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. ‘முனி’யிலும் பேய்க்கு அஞ்சும் இளைஞன் ஒருவனே கதாநாயகன், ராஜ்கிரண் நடித்த முனியாண்டி என்னும் சேரித் தலைவன் அரசியல்வாதி ஒருவனால் வஞ்சித்துக் கொல்லப்பட்டு, அவ்விளைஞனின் உடலிற் புகுந்து பழிவாங்குகிறான். இரண்டாம் படத்தில் பெயர்கள் மாறியுள்ளன, கதை வளரவில்லை. முதற்படத்தின் கதாநாயகனுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்ற வினாவுக்கு இரண்டாம் படம் விடை கூறுவதுமில்லை. தொடர்ச்சி என்ற சொல்லை மேலைத் திரைப்பட உலகின் பொருளிற் கொண்டால் இது குறையே.

ஆனால் தமிழ் மக்கள் மரபில், அநியாயமாக மாண்டவர் மீண்டு வந்து நீதி கேட்கும் கதை ஒருமுறை சொல்லி முடிக்கப்படுவதன்று. பழையனூர் நீலி, தன்னைக் கொன்ற கணவனை மறுபிறப்பிலும் தொடர்ந்து வந்து, ஊரார் சபையிலேயே அவனைக் கேட்டுப் பெற்றுப் பழிதீர்த்தாள் என்பது வழிவழி வந்த கதை. கொலையுண்டோர் தெய்வமாகிக் கொடை பெறுவதை மதுரைவீரன், காத்தவராயன் முதலியோரின் கதைகளிலும் காண்கிறோம். சொல்லப்படும் வடிவம் ஒன்றே; ஊருக்கு ஊர் மாறுவது அநீதிக்குள்ளானவரின் பெயரும் குலமும் மட்டுமே. அவ்வகையில் நோக்கின், ‘முனி’யில் சேரிவாசியும் ‘காஞ்சனா’வில் திருநங்கையும் இடம்பெற்றமை கதைப் பஞ்சத்தை மாத்திரம் காட்டுவதாகாது. நீதி கிட்டாதவர் பட்டியலில் இம்முறை யார் சேர்க்கப்படுகிறார் என்பதே இத்தகைய கதையின் புதுமை. ஆகவே, ‘அதே கதை’ என்ற குறைகூறல் வடிவத்தைச் சரியாகக் கண்டு, அதன் பயனைத் தவறவிடுகிறது.

இரண்டாவது அபிப்பிராயம், அச்சமும் நகையும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்பது. சிரித்துக்கொண்டிருப்பவனை அச்சுறுத்தல் இயலாது என்பர் ஒருசாரார். சிரிப்பதற்கென வந்த சிறுவர் அஞ்சுகின்றனர் என்பர் மறுசாரார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையையும் அச்சத்தையும் எட்டு மெய்ப்பாடுகளுள் அடக்கி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நான்கு நான்காக வகுத்துள்ளது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகியன நிலைக்களன்கள். அச்சத்துக்கு அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும். இப்பாகுபாட்டைக் கொண்டு படத்தை நோக்கினால், பார்ப்போர் கூறும் முரண்பாடு வேறொரு தெளிவு பெறுகிறது.

முதலில் அச்சத்தைக் காண்போம். முற்பகுதியின் அச்சம் அணங்கினால் வருவது: பூட்டிய கதவு, இருண்ட முற்றம், எவரும் அறியாத உருவம். பிற்பகுதியிலோ அணங்கு அஞ்சத்தக்கதாக இல்லை. அஞ்சத்தக்கவன், ஏழைகளுக்கான வைத்தியசாலைக்கென வாங்கிய நிலத்தை அபகரித்து, அதன் சொந்தக்காரியை அந்நிலத்திலேயே புதைக்கும் சட்டமன்ற உறுப்பினன். இறையால், அதாவது ஆள்வோரால், வரும் அச்சம் அது. பேய்க்கு அஞ்சிய இளைஞன், உண்மையை அறிந்தபின், தன் உடலை விரும்பியே பேய்க்குக் கொடுக்கிறான். அணங்கிடம் இருந்த அச்சம் நீங்கி, இறைமீது சினமாக மாறுகிறது. கொட்டகையில் கூச்சலிட்டு அஞ்சியோரே இறுதியில் பேயின் பக்கம் நின்று கைதட்டுவது இதனாலாகும். கோயிலுள் அடைக்கலம் புகுந்த பகைவனைத் தொடர அவ்வாவி தெய்வத்திடம் முறையிட்டு வழி பெறுவதும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. அச்சத்தைப் பொறுத்தவரை படம் செம்மையாகச் சிந்திக்கப்பட்டுள்ளது என்பதில் ஐயமில்லை.

நகையின் நிலை வேறு. வளர்ந்த ஆண்மகன் தாயின் இடுப்பில் ஏறி ஒளிவது பேதைமையிற் பிறந்த நகை. மாமியும் மருமகளும் தம் சாமர்த்தியத்தால் தாமே அடிபடுவது மடமையிற் பிறந்த நகை. தெருக்கூத்தின் கட்டியங்காரன் அரசனைச் சூழ்ந்து நின்று ஊராரைச் சிரிக்கவைப்பது போன்ற நகை இது, எவரையும் புண்படுத்துவதன்று. துன்பியற் கதைக்கு நடுவே கோமாளியை அனுமதித்துப் பழகிய தமிழ்ப் பார்வையாளருக்கு இக்கலப்பு அந்நியமுமன்று. ஆயின், இளைஞன் சேலையுடுத்தி, வளையல் அணிந்து, நடையும் குரலும் மாறி நிற்கையில் எழும் பெருஞ்சிரிப்பு எக்களத்திற்குரியது? அது எள்ளல். ஆண் பெண்போல ஒழுகுதல் இழிவு என்னும் ஊர்வழக்கே அச்சிரிப்பின் ஊற்று. காரணம் விளங்குவதற்கு முன் பார்ப்போர் சிரிக்கின்றனர். அவ்வாறு சிரிக்குமாறே காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன.

இங்கேதான் மூன்றாவது அபிப்பிராயம் எழுகிறது. மிகக் கூர்மையாகப் பார்ப்போரைப் பிரிப்பதும் இதுவே. ‘காஞ்சனா’ திருநங்கையரிடத்துத் தமிழ்ப் பார்வையாளருக்கு இரக்கமும் மதிப்பும் உண்டாக்கிய படம் என்பர் பலர். 2000ஆம் ஆண்டின் ‘அப்பு’வில் பிரகாஷ்ராஜ் ஏற்ற கொடிய பாத்திரத்தையும், பல படங்களிலே ஓரிரு நிமிடக் கேலிக்கென வந்துபோகும் உருவங்களையும் நினைவிற் கொள்வோர் இவ்வாதத்தை எளிதில் தள்ளமாட்டார். தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் 2008இல் அமைக்கப்பட்டது. ‘திருநங்கை’ என்ற மதிப்புடைய சொல்லும் அக்காலத்திலேயே பொதுவழக்கிற் பரவியது. இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது 2014இலேயே. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு வர்த்தகப் படம், வீட்டினின்றும் துரத்தப்பட்ட ஒருத்தி உழைத்து முன்னேறி, தன்போன்ற இன்னொரு பிள்ளையைப் படிக்கவைத்து வைத்தியராக்குவதைக் கதையின் நடுவே வைத்தது சிறிய செயலன்று. அவளை ஏற்று ஆதரித்தவர் ஓர் இஸ்லாமியப் பெரியவர் என்பதும் கருதத்தக்கது.

இதற்கு எதிர்வாதமும் வலிமையுடையது. காஞ்சனா மாசுமறுவற்ற தியாகி. அவ்வாறு இருந்தால் மட்டுமே இரக்கம் பெறலாம் போலும். அவள் வாழ்பவளாக அன்றி இறந்தவளாகவே நமக்கு அறிமுகமாகிறாள். அவளாக நடித்தவர், ஆண்மைமிக்க வேடங்களால் அறியப்பட்ட நட்சத்திரம், திருநங்கையல்லர். திருநங்கையான கல்கி சுப்ரமணியம் தலைமைப் பாத்திரத்தில் நடித்த ‘நர்த்தகி’யும் அதே 2011இலேயே வெளிவந்தது. ஆனால் திரளான மக்கள் சென்று பார்த்தது ‘காஞ்சனா’வையே. நட்சத்திரம் ஏற்றதனாலன்றோ பாத்திரத்துக்கு மரியாதை கிடைத்தது என்பாரும், நட்சத்திரம் ஏற்றபின்னும் உண்மையான திருநங்கையருக்கு வாயில் திறக்கவில்லையே என்பாரும் ஒரே உண்மையின் இரு பக்கங்களைச் சொல்கின்றனர். கொடிய சட்டமன்ற உறுப்பினனால் கொல்லப்படுபவளாக நடித்த சரத்குமார், படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தென்காசித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத் தெரிவாகியிருந்தார் என்பதும் அரசியலும் சினிமாவும் பிணைந்த தமிழ்நாட்டுச் சூழலில் மட்டுமே நிகழத்தக்க ஒரு விநோதம்.

இவ்விரு சாராரிடையே தீர்ப்புக் கூறுவதற்கு, எள்ளற் சிரிப்பைப் படம் பின்னர் என்ன செய்கிறது என்று கேட்டல் வேண்டும். முற்பகுதியிற் சிரிப்பை எழுப்பிய அதே சேலையும் வளையலும் பிற்பகுதியில் ஒரு முழு வாழ்க்கையின் அடையாளங்களாக மீள வருகின்றன. அப்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. எதைக் கண்டு சிரித்தோம் என்பதைப் பார்ப்போன் தானாகவே உணரக்கூடிய ஓர் இடைவெளி அங்கு உண்டு. படத்தைப் போற்றுவோர் பெற்ற அனுபவம் பொய்யன்று. எனினும், படம் அவ்விடைவெளியில் நின்று நிதானிக்கவில்லை. சிரித்தவனிடம் அது எதனையும் கேட்கவில்லை. பாரம் முழுவதையும் நிலம் பறித்தவன் தலையில் ஏற்றிவிடுகிறது. காஞ்சனாவுக்கு நேர்ந்த முதற்கொடுமை நிலப்பறிப்பன்று. பெற்றோர் அவளை வீட்டைவிட்டு அகற்றியமையே. பெரும்பாலும் ஒரு வீட்டினுள்ளேயே நடக்கும் இப்படம், தாயும் மகனும் அண்ணனும் அண்ணியுமாக ஒரு குடும்பத்தின் பாசத்தையே நகைக்கும் அச்சத்துக்கும் மூலதனமாக்கிய இப்படம், காஞ்சனாவைத் துரத்திய அந்த மற்ற வீட்டுக்கு நீதி கேட்டுத் திரும்பிச் செல்லவில்லை. அரசியல்வாதியைத் தண்டித்தல் எளிது. அவன் கொட்டகையில் இல்லை. பெற்றோர் கொட்டகையில் இருக்கின்றனர். அவர்களைப் புண்படுத்தாமல் கண்ணீர் வரவழைப்பதே வர்த்தக சினிமாவின் சாதுரியமும் அதன் எல்லையுமாகும்.

பிற்கால நிகழ்ச்சிகள் இவ்வெல்லையை மேலும் தெளிவாக்கின. 2012இல் கன்னடத்தில் ‘கல்பனா’வாகவும், 2020இல் லோரன்ஸின் இயக்கத்திலேயே இந்தியில் ‘லக்ஷ்மி’யாகவும் இக்கதை மறுவடிவம் பெற்றது. இந்தியிலும் அவ்வேடத்தை ஏற்றவர் ஆண் நட்சத்திரமே. தமிழில் 2015இலும் 2019இலும் வந்த அடுத்த பகுதிகள் ‘காஞ்சனா’ என்ற பெயரையே தாங்கி வந்தன. முனி என்ற பெயர் பின்தள்ளப்பட, திருநங்கை ஒருத்தியின் பெயர் தொடரின் பெயராயிற்று. ஆனால் அப்படங்கள் அவளைப் பற்றியன அல்ல. 2015ஆம் ஆண்டுப் படத்தில் காலூனமுற்ற பெண்ணொருத்தி அநீதிக்குள்ளாகிறாள். வேறு ஆவி, அதே அமைப்பு. நிலத்தை இழந்த காஞ்சனா இறுதியிற் தன் பெயரையும் வியாபாரச் சின்னமாக இழந்தாள் எனல் மிகையன்று. மரபுக் கதையில் பெயர் நிலைத்து, கொடையும் வழிபாடும் தொடரும். வர்த்தகத் தொடரில் பெயர் நிலைத்து, ஆள் மறைகிறாள்.

ஆதலின், பார்ப்போர் அபிப்பிராயங்களுள் எதனையும் அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. மீண்டும் அதே கதை என்றவர் வடிவத்தைக் கண்டனர். அச்சமும் நகையும் மோதுகின்றன என்றவர் படத்தின் உள்முரண்பாட்டை உணர்ந்தனர். அழுதவரும் சினந்தவரும் அம்முரண்பாட்டின் இரு முனைகளிற் பற்றி நின்றனர். அச்சத்தின் திசையை அணங்கினின்றும் இறையை நோக்கித் திருப்பிய அளவில் ‘காஞ்சனா’ மக்கள் கலையின் நேர்மையான வாரிசு. எள்ளலை இரக்கமாக மாற்றிய அளவில் பாராட்டுக்குரியது. எள்ளியவர் யார் என்று கேளாது விட்ட அளவில் குறைபாடுடையது. இறந்த திருநங்கைக்காக அழப் பழகிய பார்வையாளர், உயிரோடு பேருந்தில் தம்மருகே வந்தமரும் திருநங்கைக்கு இடம் ஒதுக்குவரா, முகம் திருப்புவரா என்பதிலேயே அக்கண்ணீரின் மதிப்புத் தங்கியுள்ளது.