ஊட்டத்தூர்ப் படம் சாட்சி சொல்லுமா?

பாடாலூரில் இறங்கி ஊட்டத்தூருக்கு வழி கேட்டால், சுத்தரத்தினேஸ்வரர் கோயிலுக்கா என்று திருப்பிக் கேட்பார்கள். 1800-களின் தொடக்கத்தில் லண்டனில் எட்வர்ட் ஆர்ம் வெளியிட்ட இருபத்துநான்கு இந்தியக் காட்சிகளின் தொகுப்பிலோ, அந்த ஊரின் அடையாளம் ஒரு கல்லறை மண்டபம். படத்தலைப்பு ‘திருச்சிராப்பள்ளி அருகே அவுட்டடோரி’ என்கிறது. ஊட்டத்தூர் என்றே கொள்கிறேன்.

இதை வரலாற்றுச் சான்றாக ஏற்கலாமா? முதலில் எத்தனை கை பட்டது என்று பார்க்க வேண்டும். மூல ஓவியங்கள் டேனியலும் கர்னல் வார்டும் தீட்டியவை. அவற்றைப் பார்த்து அச்சுக்கு வரைந்தவர் வில்லியம் ஆர்ம். அதற்குப் பிறகு செப்புத்தகட்டில் செதுக்கியவர், வண்ணம் பூசியவர். வானமும் மரநிழலும் மனிதர்களும் இந்தப் பயணத்தில் எங்கே சேர்ந்தன என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கட்டடத்தின் கதை வேறு. 1792-இல் தென்னாட்டில் சுற்றிய தாமஸ், வில்லியம் டேனியல்கள் காட்சியைத் தாளில் விழச் செய்யும் இருட்டுப்பெட்டியை வைத்துக் கோடிழுத்தவர்கள். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் விளிம்பை அவர்கள் படத்தோடு இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல்லைப் பொறுத்தவரை இந்த வகை ஓவியர்களை நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை.

மண்ணைப் பொறுத்தவரை தயக்கம் உண்டு. முன்னால் இருண்ட மரம், நடுவில் வெளிச்சம், தூரத்தில் மங்கிய மலை: இது ஓவியர் கிளாட் லொரேன் இத்தாலிய வெளிகளை வைத்துப் பழக்கிய அமைப்பு. கங்கைக்கரைக்கும் காவிரிக்கரைக்கும் அதே சட்டையைத்தான் மாட்டினார்கள். பாடாலூர்ப் பக்கம் கரிசல். வெயில் தலைக்கு நேராக இறங்கும் வெட்டவெளி. பூமலை சஞ்சீவிராயர் குன்றிலிருந்து பார்த்தால் ஓவியர் விரும்பும் நிழலைத் தேடத்தான் வேண்டும்.

‘காலனியப் பார்வை’ என்று முத்திரை குத்தி எல்லாவற்றையும் ஒதுக்குவது இப்போது சுலபமான விமர்சனம். எனக்கு அதுவும் போதவில்லை. வார்டு கம்பெனிப் படையின் அதிகாரி. திருச்சிக்கு வடக்கே போகும் இந்தப் பாதை படைகளின் பாதை: 1751-இல் வாலிகண்டபுரத்தில் தோற்ற ஆங்கிலேயர் ஊட்டத்தூர் வழியாகத்தான் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள், மறு ஆண்டு பிரெஞ்சுத் தளபதி தொத்தேய் கிளைவிடம் சரணடைந்ததும் வாலிகண்டபுரத்தில்தான். அரை நூற்றாண்டு கழித்து லண்டனில் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிடைத்தது கல்லறையின் அமைதி. ஓவியர் பொய் சொன்னார் என்பதல்ல, வெளியிட்டவர்கள் கல்லறையைத் தேர்ந்தார்கள். வாங்குபவர்களின் ரசனையைப் பற்றி அந்தத் தேர்வு சொல்லும் சாட்சியம், படத்திலுள்ள எந்த மனித உருவத்தைவிடவும் உறுதியானது.

 

என் தீர்ப்பு இது: கட்டடத்துக்கு இந்தப் படத்தைச் சான்றாக ஏற்கலாம், நிலத்துக்கு அரைச்சான்று, மக்களுக்குச் சான்றே அல்ல. பெரம்பலூர் வட்டார வரலாற்றில் இதை அச்சிடுபவர்கள் ‘அன்றைய ஊட்டத்தூர்’ என்று அடிக்குறிப்பு எழுதக் கூடாது. ‘லண்டன் வாசகருக்காக அச்சிட்ட ஊட்டத்தூர்’ என்று எழுதி, எதிர்ப்பக்கத்தில் 1751-இன் போர்வழி வரைபடத்தைப் போடட்டும்.