சொல் சுருங்கின் எண்ணம் சுருங்கும்: ஓர்வெலின் நாவல்

ஒரு நூல் பெறும் புகழே சிலவேளை அந்நூலை மறைத்துவிடுவதுண்டு. 1949ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி இலண்டனில் வெளிவந்த, ஜோர்ஜ் ஓர்வெலின் ‘ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்கு’ என்னும் நாவல் அத்தகையது. அதனைப் படியாதாரும் ‘பெரியண்ணன்’ என்ற பெயரை அறிவர். மாற்றாரை ஏசுதற்கு ஆசிரியர் பெயரையே அடைமொழியாக்குவர். ஆயின், அந்நாவல் உணர்த்துவது யாது?

பொதுவுடைமைச் சர்வாதிகாரத்தைச் சாடும் நூல் என்பதே பலர் முடிபு. அது முழுதும் பிழையன்று. ஸ்டாலின் கால உருசியாவின் சாயல் கதையில் வெளிப்படை. எனினும், ஓர்வெல் இறுதிவரை சமதருமக் கொள்கையினர். அன்றியும், 1941 முதல் 1943 வரை பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில், தணிக்கைக்கு உட்பட்டு, இந்தியாவுக்கான போர்க்கால நிகழ்ச்சிகளை அமைத்தவர். ஆதலின், நாவலில் வரும் ‘உண்மை அமைச்சு’ அயல்நாட்டை மட்டும் நோக்கி வரையப்பட்டதெனல் பொருந்தாது.

கதைத்தலைவன் வின்ஸ்ரன் சிமித் பழைய செய்தித்தாள்களை ஆட்சியாளர் விருப்பிற்கேற்பத் திருத்தி எழுதுபவன். அவனுக்குப் பழக்கமான சைம் என்பானோ மொழியறிஞன். அகராதி தொகுப்போர் சொற்களைச் சேர்ப்பர். இவன் சொற்களை அழிப்பதிற் பெருமிதங் கொள்கின்றான். ‘புதுமொழி’யில் ‘நன்று’ இருக்கத் ‘தீது’ வேண்டா, ‘நன்றல்லாதது’ போதும். விடுதலையைக் குறிக்கச் சொல்லில்லையாயின், அதனை வேண்டும் எண்ணமும் எழாது என்பது ஆட்சியாளர் கணக்கு. சித்திரவதைக் கூடத்தினும் இவ்வகராதியே பேரச்சந் தருவது.

நாவலிற் குறைகளும் உள. யூலியா என்னும் பாத்திரம் முழுமை பெறவில்லை. இடையே வரும் கோல்ட்ஸ்டீனின் நூற்பகுதி கதையோட்டத்தைத் தடுக்கின்றது. அப்பகுதியையும் புதுமொழி பற்றிய பின்னிணைப்பையும் நீக்குமாறு அமெரிக்க நூற்கழகம் ஒன்று கேட்டபோது ஓர்வெல் இசைந்திலர். முன்னதைக் குறித்து வாதிடலாம். பின்னதில் அவர் செய்தது முற்றுஞ் சரியே. பின்னிணைப்பு இறந்தகாலத்தில், வழக்கிலுள்ள ஆங்கிலத்தில் அமைந்துள்ளது. எனவே, அக்கொடுங்கோன்மை வீழ்ந்தது என்பதே அதன் குறிப்பெனக் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வூட் முதலானோர் கொள்வர். 1985இல் வெளிவந்த அவரது ‘பணிப்பெண்ணின் கதை’யும் பிற்கால ஆய்வுரை ஒன்றோடு முடிதல் ஒப்புநோக்கத்தக்கது.

நாவலின் செல்வாக்கு இலக்கியத்தோடு நின்றதன்று. அமெரிக்க அரசின் இரகசியக் கண்காணிப்பை எட்வேட் சினோடன் 2013இல் வெளிப்படுத்தியபோது இந்நூலின் விற்பனை மீண்டும் உயர்ந்தது. மறுபுறம், ஒல்லாந்தில் 1999இல் தொடங்கிய தொலைக்காட்சிப் போட்டியொன்று ‘பெரியண்ணன்’ என்ற பெயரையே சூடிற்று. அதன் வழிவந்த ‘பிக் பாஸ்’ 2017இல் தமிழுக்கும் வந்தது. கண்காணிக்கப்படுவோர் துன்பத்தைக் குறித்த பெயர், கண்டு களிப்போர் பொழுதுபோக்கின் பெயராயிற்று.

சொற்கள் பொருளிழக்கும் வகையைக் காட்டிய நூலின் சொற்களே இன்று பொருளிழந்து வழங்குகின்றன. இதற்கு மாற்று ஒன்றே: நூலை மேற்கோள்களால் அறிந்து அமையாது, பின்னிணைப்பின் இறுதி வரிவரை கற்றல். அவ்வாறு கற்பார்க்கே அதன் அச்சமும், அதனுள் மறைந்துள்ள நம்பிக்கையும் ஒருங்கே புலனாகும்.