லண்டன் மாற்று நகைச்சுவை மேடை: ஒரு மதிப்பீடு

லண்டன் நகரில் 1979-ஆம் ஆண்டு முதல் மதுக்கூடங்களின் மாடி அறைகளிலும் இரவு விடுதிகளிலும் வளர்ந்த ஸ்டாண்ட்-அப் காமெடி வகை 'மாற்று நகைச்சுவை' எனப்படுகிறது. ஒருவர் தனியாக ஒலிவாங்கியின் முன் நின்று பேசிச் சிரிக்க வைப்பது பிரிட்டனில் அதற்கு முன்பும் இருந்ததுதான். அப்படியானால் இது எதற்கு மாற்று?

மார்கரெட் தாட்சரின் ஆட்சிக்கு எதிரான குரல் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. தாட்சர் 1979 மே 4 அன்று பிரதமரானார். இவ்வகையின் பிறப்பிடமாகக் காட்டப்படும் 'காமெடி ஸ்டோர்' விடுதி அதே மாதம் 19 அன்று திறக்கப்பட்டது. ஆட்சி மாறிய பதினைந்தாம் நாள் திறந்த விடுதியை அந்த ஆட்சியை எதிர்ப்பதற்காகத் திறந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அரசியல் பின்னால் வந்து சேர்ந்தது. முதலில் மாறியது, ஒரு நகைச்சுவை யாருக்குச் சொந்தம், அது யார் மேல் விழுகிறது என்பது.

முன்பிருந்த சிரிப்பு

1970-களில் பிரிட்டனின் மேடை நகைச்சுவை பெரும்பாலும் தொழிலாளர் மன்றங்களில் நடந்தது. கிரனடா தொலைக்காட்சி 1971-இல் தொடங்கிய 'தி காமெடியன்ஸ்' நிகழ்ச்சி அதை வீடுகளுக்குள் கொண்டு வந்தது. பெர்னார்ட் மேனிங் போன்றவர்கள் அதில் புகழ் பெற்றனர். அவர்கள் சொன்ன துணுக்குகள் பொதுச்சொத்து. ஒருவர் சொன்னதையே அடுத்த வாரம் வேறொரு ஊரில் வேறொருவர் சொல்வார். யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. முட்டாள் அயர்லாந்துக்காரன், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பாகிஸ்தானி, மாமியார் ஆகியோர் திரும்பத் திரும்ப வந்தனர். (மாமியார் மட்டும் எந்த மொழியிலும் தப்புவதில்லை.)

அந்த நிகழ்ச்சியில் சார்லி வில்லியம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் இருந்தார். யார்க்‌ஷயரில் பிறந்து, டான்காஸ்டர் ரோவர்ஸ் அணியில் கால்பந்து ஆடியவர். தம் நிறத்தையே கேலி செய்து பார்வையாளர்களைச் சிரிக்க வைத்தார். அவரே சிரிக்கும்போது மற்றவர்களுக்கு என்ன என்று அன்று வாதிட்டவர்கள் உண்டு. வகுப்பறையில் பல ஆண்டு நின்றவர்களுக்கு இந்த வாதத்தின் ஓட்டை தெரியும். திக்கிப் பேசும் பையனை மற்றவர்கள் கேலி செய்யும்போது அவனும் சேர்ந்துதான் சிரிப்பான். சிரிக்காவிட்டால் கேலி இரட்டிப்பாகும் என்பது அவனுக்குத் தெரியும். வில்லியம்ஸைக் குறை சொல்வது இங்கு நோக்கமல்ல. அன்று மேடையில் நிற்க அவருக்கு வேறு வாசல் திறந்திருக்கவில்லை.

டீன் தெருவும் சேகண்டியும்

காமெடி ஸ்டோரைத் தொடங்கியவர்கள் பீட்டர் ரோசன்கார்டும் டான் வார்டும். ரோசன்கார்ட் ஆயுள் காப்பீட்டு முகவர். லாஸ் ஏஞ்சலஸில் அதே பெயரில் இயங்கிய விடுதியைப் பார்த்துவிட்டு வந்து, சோஹோ பகுதியின் டீன் தெருவில் ஆடையவிழ்ப்பு நடன விடுதி இருந்த கட்டடத்திலேயே இதைத் திறந்தார். கொள்கைப் பிரகடனம் எதுவும் இல்லை, வியாபாரம்தான். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். பிடிக்கவில்லை என்று கூட்டம் கத்தினால் தொகுப்பாளர் சேகண்டியை அடிப்பார், பேசியவர் இறங்க வேண்டும். நம் ஊரில் சேகண்டி ஒலிக்கும் இடங்களை நினைத்தால், அதைக் கேட்டவர்களின் நிலை எளிதில் விளங்கும்.

முதல் தொகுப்பாளர் அலெக்சி சேல். லிவர்பூலில் கம்யூனிஸ்ட் பெற்றோருக்குப் பிறந்தவர். இறுக்கமான கோட்டும் சிறிய தொப்பியும் அணிந்து, மூச்சுவிடாமல், கூட்டத்தையே திட்டுவது போலப் பேசினார். துணுக்கு சொல்லி முடித்துக் கைதட்டலுக்காகக் காத்திருக்கும் பழைய முறை அவரிடம் இல்லை.

இதே ஆண்டில் வேறொரு வேரும் முளைத்தது. பெரும்பாலான வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஹைட் பூங்காவின் பேச்சாளர் முனையில் அரசெதிர்ப்பு உரைகள் நிகழ்த்தி வந்த டோனி ஆலன், சேல் உள்ளிட்ட சிலருடன் சேர்ந்து 'ஆல்டர்நேட்டிவ் கேபரே' என்ற குழுவை அமைத்தார். லாட்புரோக் குரோவ் பகுதியிலிருந்த எல்ஜின் மதுக்கூடம் இவர்களின் களம். 'மாற்று' என்ற சொல் இந்தக் குழுவின் பெயரிலேயே இருந்தது. இனவெறி கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது, கடன் வாங்கிய துணுக்கு கூடாது என்ற எழுதப்படாத விதி இவர்களிடமிருந்து பரவியது. சோஹோ மேடையும் கூட்டமும் கொடுத்தது. விதியைக் கொடுத்தது இந்தக் குழு. காமெடி ஸ்டோருக்கு முழுப் புகழையும் கொடுப்பது கட்டடத்தைக் கும்பிட்டுவிட்டுச் சிற்பியை மறப்பது போன்றது.

கடன் வாங்கக் கூடாது என்ற விதி சிறியதாகத் தோன்றும். ஆனால் மற்ற இரண்டையும் தாங்கிப் பிடித்தது அதுதான். சொந்த வாழ்க்கையிலிருந்து பேச வேண்டும் என்றானதும், கையிருப்பிலிருந்த முட்டாள் அயர்லாந்துக்காரன் தானாகவே காணாமல் போனான். கிளாஸ்கோவைச் சேர்ந்த யூதரான ஆர்னால்ட் பிரவுன் நடுவயதுக் கணக்காளராகவே வந்து நின்று மெதுவாகப் பேசினார். அதற்கு முன் அப்படி ஒருவருக்கு மேடை கிடைத்திருக்காது.

ஆசிரியைகள் மேடைக்கு வருதல்

1980-இல் பீட்டர் ரிச்சர்ட்சன், சேல், ரிக் மேயல், ஏட்ரியன் எட்மன்ட்சன், நைஜல் பிளேனர் முதலியோர் பிரிந்து சென்று, சோஹோவிலேயே ரேமண்ட் ரெவ்யூபார் வளாகத்திலிருந்த சிறு அரங்கில் 'காமிக் ஸ்ட்ரிப்' நிகழ்ச்சியைத் தொடங்கினர். பெண் கலைஞர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தனர். அதைப் பார்த்து வந்தவர்கள் டான் ஃபிரெஞ்சும் ஜெனிஃபர் சாண்டர்ஸும். இருவரும் நாடக ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். ஃபிரெஞ்ச் பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இரவில் மேடையேறினார்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். பெண்களை இழிவுபடுத்தாத நகைச்சுவை என்று அறிவித்தவர்களின் நிகழ்ச்சி, பெண்களை ஆடையின்றி ஆடவைத்துப் பணம் பண்ணிய கட்டடத்தின் இன்னொரு அறையில் நடந்தது. வாடகை மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் புதிய கலை தொடங்கும் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுதாகத் திருப்தி தரவில்லை.

அரசியல் பலித்ததா?

1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 தொடங்கிய இரவிலேயே காமிக் ஸ்ட்ரிப் குழுவின் படம் ஒளிபரப்பானது. ஒரு வாரத்தில் பிபிசி 2-இல் 'தி யங் ஒன்ஸ்' வந்தது. பின்னர் 'சாட்டர்டே லைவ்' நிகழ்ச்சியில் பென் எல்டன் தாட்சரை வாராவாரம் விளாசினார். தாட்சரோ 1983, 1987 தேர்தல்களிலும் வென்றார். 1961-இல் அதே சோஹோவின் கிரீக் தெருவில் 'எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்ற அங்கத விடுதியைத் திறந்த பீட்டர் குக், ஹிட்லரின் எழுச்சியைத் தடுக்க அரும்பாடுபட்ட பெர்லின் விடுதிகளைத் தாம் பின்பற்றுவதாகக் கேலியாகச் சொல்வதுண்டு. அந்தக் கேலி இவர்களுக்கும் பொருந்தும்.

இதைவிட வருத்தமான சான்று 1988-இல் ஹாரி என்ஃபீல்ட் உருவாக்கிய 'லோட்ஸாமனி' பாத்திரம். கற்றை நோட்டை ஆட்டிக்காட்டிப் பீற்றிக்கொள்ளும் பூச்சுவேலைக் கொத்தனார். பணத்திமிரைக் கண்டிக்கவே இப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆனால் திமிர் பிடித்தவர்களே அவனைத் தங்கள் நாயகனாக்கிக் கொண்டாடினர். என்ஃபீல்ட் பாத்திரத்தையே கைவிட்டார்.

அரசியலின் உறுதியான தடம் துணுக்குகளில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ரோலண்ட் மல்டூன் நடத்திய 'காஸ்ட்' நாடகக் குழு, பெருலண்டன் மன்றத்தின் நிதியுதவியுடன் நகரின் பல பகுதிகளில் இக்கலைஞர்களுக்கு மேடையும் ஊதியமும் கொடுத்தது. தாட்சர் அரசு 1986-இல் அந்த மன்றத்தையே கலைத்தது. அதே ஆண்டில் காஸ்ட் குழு, 1901-இல் கட்டப்பட்டுப் பின்னாளில் பிங்கோ சூதாட்டக் கூடமாகிவிட்ட ஹாக்னி எம்பயர் அரங்கை மீட்டு மீண்டும் கலையரங்காக்கியது. தொலைக்காட்சிப் புகழைப் பற்றி நூறு பக்கம் எழுதுபவர்கள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். 1993-இல் ராப் நியூமனும் டேவிட் பேடியலும் வெம்பிளி அரங்கில் பல்லாயிரம் பேர் முன் நிகழ்ச்சி நடத்தியபோது 'மாற்று' என்ற அடைமொழிக்குப் பொருள் இல்லாமல் போயிருந்தது.

விடுபட்டவர்கள்

குடியேறியவர்களைக் கேலி செய்யாமல் விட்டது ஒரு படி. அவர்களையே பேசவிடுவது வேறு படி. முதல் பத்தாண்டில் இம்மேடைகளில் நின்றவர்களும் எதிரே அமர்ந்தவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்களே. பழைய மேடையின் 'பாகிஸ்தானி' புதிய மேடையில் இகழப்படவில்லை. ஆனால் அங்கே அவர் இல்லவும் இல்லை. தெற்காசியர்கள் தாங்களே எழுதி நடித்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' 1996-இல் வானொலியில்தான் தொடங்கியது.

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன் அதற்கும் பிந்திய தலைமுறை. லண்டனுக்குத் தெற்கேயுள்ள கிராலியில் கணித ஆசிரியராக இருந்துவிட்டு மேடைக்கு வந்தவர். 2015-இல் வெளிவந்த 'ஏஷியன் ப்ரொவோகேட்டர்' தொடரில் தாயாரின் ஏற்பாட்டில் இலங்கைக்குப் போகிறார். அங்கே கேலிக்குள்ளாவது பெரும்பாலும் ஊராரல்ல, தன் வேர்களைப் பற்றி அதிகம் தெரியாமல் வந்து இறங்கிய அவர்தான். சார்லி வில்லியம்ஸும் தம்மைத்தான் கேலி செய்தார். ஆனால் வில்லியம்ஸ் சொன்னவை மன்றங்களில் ஏற்கெனவே உலவிய துணுக்குகளின் அச்சில் வார்த்தவை. ரங்கநாதனின் அறியாமை அவருடைய சொந்த அறியாமை.