யாஸ்பேர்ஸின் குற்றப் பாகுபாடும் கூட்டுத் தண்டனையும்

1945-46 மாரிக்காலத்தில் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்திற் கார்ல் யாஸ்பேர்ஸ் நிகழ்த்திய விரிவுரைகளே 1946 இல் ‘குற்றப் பிரச்சினை’ என்னும் நூலாக வெளிவந்தன. யூதகுலப் பெண்மணியை மணந்தமையால் 1937 இற் பதவியிழந்த பேராசிரியர் அவர். தம் நாட்டாரை இடித்துரைக்கும் உரிமை அவர்க்கிருந்தது.

சட்டக் குற்றம், அரசியற் குற்றம், ஒழுக்கக் குற்றம், மெய்யியற் குற்றம் என நான்காக வகுத்து, முதலதை நீதிமன்றமும், மூன்றாவதை மனச்சான்றும், நான்காவதை இறைவனும் விசாரிக்க வேண்டுமென்பர். ஓரினம் முழுவதையும் குற்றவாளியாக எண்ணுதல் நாசிகள் யூதரை எண்ணிய முறையே என்று அவர் காட்டுமிடம் நூலின் உயிர்நிலையாகும்.

இடர்ப்பாடு இரண்டாவதிலே தோன்றுகின்றது. அரசின் செயலுக்குக் குடிகள் யாவரும் பொறுப்பாளர். அப்பொறுப்பின் அளவை வென்றோரே வரையறுப்பர். அளவு மீறின் தடுப்பது யாது? வென்றோரின் விவேகத்தையும் இயற்கை நீதியையும் சுட்டுவதோடு ஆசிரியர் அமைந்துவிடுகின்றார். அவ்விவேகம் அவர் பேசிய நாள்களிலேயே அயல்நாட்டிற் சோதனைக்குள்ளாயிற்று.

செக் மக்கள் பட்ட துன்பம் சிறிதன்று. ஹைட்றிக் கொலையுண்டதற்குப் பழியாக 1942 யூனில் லிடிசே என்னும் ஊர் தரைமட்டமாக்கப்பட்டு, ஆடவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1935 இற் செக்கோசிலோவாக்கியாவின் ஜேர்மானிய வாக்காளருள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் ஹென்லைன் கட்சியை ஆதரித்ததும் உண்மையே. ஆயினும் எஞ்சிய பங்கினர் யாது செய்தனர்? வாக்குரிமையே இல்லாத சிறுவர் எதற்குப் பொறுப்பாளர்? 1945 இல் அதிபர் பெனேஷ் விடுத்த ஆணைகள் குடியுரிமையையும் உடைமையையும் பறித்தன. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் வெளியேறினர். நாசிகளை எதிர்த்தோர்க்கு விலக்கு இருந்ததெனினும், மெய்ப்பிக்கும் கடன் அவர்மேலதாயிற்று. வதைமுகாமிலிருந்து மீண்ட யூதருட் சிலரும், முன்னர் ஜேர்மானியராகப் பதிந்திருந்தமையால் இவ்வலையிற் சிக்கினர். மதுரையை எரித்த கண்ணகியும் குழந்தைகளையும் முதியோரையும் விலக்குமாறு தீக்கடவுளைப் பணித்தாள். பிராக் அரசுக்கு அத்துணை நினைவும் இல்லாது போயிற்று.

அரசியல் விளைவோ விரைவில் வந்தது. பறித்த நிலங்களைப் பங்கிடும் விவசாய அமைச்சு கம்யூனிஸ்டுகளின் கையிலிருந்தது. நிலம் பெற்றுக் குடியேறியோர் நிறைந்த எல்லைப்புறங்களில் 1946 தேர்தலில் அக்கட்சி பெருவலி பெற்றது. 1948 பெப்ரவரியில் ஆட்சி முழுவதையும் கைப்பற்றியது. அதே ஆண்டு யூனிற் பெனேஷ் பதவி துறந்தார். கூட்டுத் தண்டனை ஒன்றே இதற்குக் காரணமென்றல் மிகை; வழியகற்றிற்று என்றல் தகும்.

1997 இற் செக் - ஜேர்மானியக் கூட்டுப் பிரகடனத்தில், குற்றம் கூட்டாகச் சுமத்தப்பட்டமையைச் சுட்டிச் செக் தரப்பு வருந்தியது. அவ்வருத்தத்துக்கு வேண்டிய வேறுபாடு 51 ஆண்டுகளுக்கு முன்னரே யாஸ்பேர்ஸின் முதல் வகையிற் கிடந்தது. இரண்டாம் வகைக்கு வேண்டிய வரம்புதான் நூலிற் காணப்படவில்லை.