பொன்னைப் பாடிய குள்ளர்

சென்ற தீபாவளியன்று, சிட்னியில் பெண்டில் ஹில் பக்கம் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டில், இலை எடுத்தான பிறகு நடந்த சம்பாஷணையில், கணினி விளையாட்டுகளில் நல்ல பரிச்சயமுள்ள இளைஞர் ஒருவர், 2023 ஆகஸ்டில் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’தான் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் முதன்முதலாக உயிருள்ள மனிதர்களைச் சிருஷ்டித்தது என்றும், அதற்கு முன் வந்தவையெல்லாம் அதற்கான ஒத்திகைகளே என்றும் தீர்மானமாகச் சொன்னார். இப்போது பலரும் ஒப்பிக்கிற அபிப்பிராயம்தான் இது. அந்த விளையாட்டின் மீது எனக்கும் அளவற்ற பிரீதி உண்டு. இருநூறு மணி நேரத்துக்கு மேல் அதில் கரைத்தவன் நான். ஆயினும் அந்த அபிப்பிராயம் தவறு. ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது இரட்டைத் தவறு.

பூர்வ சரித்திரத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 1981-இல் ‘விஸார்ட்ரி’யும் ‘அல்டிமா’வும் தோன்றி, மேஜையில் பகடை உருட்டி ஆடிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் கணக்குகளைக் கணினிக்குள் கொண்டுவந்ததும், 1985-இல் ‘அல்டிமா 4’ கொன்று குவிப்பதை விடுத்து எட்டு தர்மங்களைப் பயில்வதையே லட்சியமாக வைத்ததும் வாசகர் அறிந்தவையே. அக்காலத்துப் பாத்திரங்கள் கோயில் தூண் சிற்பங்களை ஒத்தவை. நாம் போய் நின்று வினவினால் ஒரு வாக்கியம் சொல்லும், பிறகு மௌனம்.

ஆனால் 1982-இல் மெல்போர்னில் ஒரு காரியம் நடந்தது. பீம் சாப்ட்வேர் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ஆல்பிரட் மில்க்ரோம், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த வெரோனிக்கா மெக்லர் என்ற பெண்ணையும் பிலிப் மிட்சல் என்பவரையும் கொண்டு, டோல்கீனின் கதையை ஆதாரமாக்கி ‘தி ஹாபிட்’ என்ற விளையாட்டை இயற்றுவித்தார். அவர்களுக்கு வாய்த்த இடம் 48 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் ஐம்பதில் ஒரு பங்குகூட அதற்குள் அடங்காது. பெரும்பாலான விளையாட்டுகள் இரண்டு சொல்லுக்கு மேல் புரிந்துகொள்ளாத அந்நாளில், இதனிடம் முழு வாக்கியமாகவே பேசலாம். இன்னொரு பாத்திரத்துக்குக் கட்டளையும் இடலாம். அந்தப் பாத்திரம் கேட்குமா என்பது வேறு விஷயம். மந்திரவாதி காண்டால்ஃப் தம் போக்கில் வருவார், கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்வார், சொல்லாமல் போய்விடுவார். குள்ளர் தோரின், உயிருக்கு ஆபத்தான வேளையிலும், உட்கார்ந்து பொன்னைப் பற்றிப் பாடத் தொடங்குவார். விசைப்பலகையை நாம் தொடாவிட்டாலும் காலம் நடக்கும். நாம் எட்டிப் பார்க்காத ஓர் அறையில் ஒருவர் இன்னொருவரைக் கொன்றுபோடவும் கூடும். அதனால் ஆட்டத்தை முடிக்கவே வழியின்றிப் போவதும் உண்டு. பிழை என்று இதைப் பலர் நகைத்தனர். நானோ, கணினித் திரையில் நம்மைப் பொருட்படுத்தாத ஓர் உலகத்தை முதலில் கண்ட இடம் என்று அதை மதிக்கிறேன். அதற்கு முந்தைய ‘ஸோர்க்’ என்ற விளையாட்டில் ஒரு திருடன் முன்பே திரிந்தானே என்று யாரேனும் நினைவூட்டலாம், திரிந்தான்தான். ஒரு திருடன் திரிவது வேறு, ஊரே திரிவது வேறு.

மெக்லர் பிறகு விளையாட்டுத் துறையை விட்டுக் கணினித் துறையின் வேறு பணிகளுக்குப் போய்விட்டார். இத்துறையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் ‘அல்டிமா’ செய்த ரிச்சர்ட் காரியட்டுக்கு அத்தியாயமே ஒதுக்குகிறார்கள். இவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

‘தி ஹாபிட்’ சாகசக் கதை விளையாட்டே தவிர, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஆகாது, பலமும் அறிவும் அதில் எண்களாகத் திரையில் தோன்றுவதில்லை என்று ஆட்சேபிப்பார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தே பிள்ளையை அறிந்துகொள்ளும் நம் சமூகத்தில் இந்த ஆட்சேபம் எழுவது இயல்பு. எண்களே வேண்டுமென்றால், அதே பீம் நிறுவனம் 1993-இல் சூப்பர் நின்டெண்டோவுக்காக ஆக்கிய ‘ஷேடோரன்’ இருக்கிறது. அதன் நாயகன் பிணவறையில் கண் விழிக்கிறான். தான் யாரென்பது நினைவில்லை. எதிர்ப்படுகிறவர்கள் வாயிலிருந்து உதிரும் முக்கியச் சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, அவற்றைக் கொண்டே அடுத்தவரை வினவி, தன் கதையைத் தானே துப்புத் துலக்குகிறான். 1999-இல் அமெரிக்காவில் பிளாக் ஐல் இயற்றிய ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’டின் நாயகனும் நினைவிழந்து பிணக்கிடங்கில்தான் எழுகிறான், அதை இலக்கியம் என்று போற்றினார்கள், நானும் போற்றுகிறேன். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கதவு மெல்போர்னில் ஆறு வருஷம் முன்பே திறந்தது என்றுதான் சொல்கிறேன்.

என் மனம் தங்கிவிடுகிற காலம் 1997 முதல் 2000 வரையிலானது. ‘ஃபால்அவுட்’டில், நிலத்தடியில் ஒளிந்து வாழும் நம் ஜனங்களுக்குத் தண்ணீர் தரும் கருவியை 150 நாளுக்குள் கொண்டுவராவிட்டால் அவர்கள் கதை முடிந்தது; நாம் எங்கே உலாவினாலும் அந்த நாட்கள் குறைந்துகொண்டே வரும். முதல் ‘பால்டர்ஸ் கேட்’டில் மின்ஸ்க் என்ற வீரன் தன் தோழியை மீட்டுத் தரக் கேட்கிறான், நாம் நாளைக் கடத்தினால் பொறுமையிழந்து நம்மோடு முறித்துக்கொள்கிறான். இரண்டாவது பாகத்தில் கெல்டார்ன் என்ற முதிய வீரரையும் விக்கோனியா என்ற பெண்ணையும் ஒரே குழுவில் வைத்திருந்தால், ஒருநாள் இருவரும் உயிர் போகும்வரை பொருதிக்கொள்வார்கள். நாம் அவர்களுக்குத் தலைவர் என்பதை அவர்கள் அரைமனத்தோடுதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, பெல்ஜியத்து லேரியன் நிறுவனம் இயற்றிய மூன்றாம் பாகமான ‘பால்டர்ஸ் கேட் 3’க்கு வருவோம். மூளைக்குள் ஒரு புழு புகுந்திருக்கிறது, சில நாளில் அது நம்மைக் கோர ஜந்துவாக மாற்றிவிடும் என்று தோழர்கள் பதறுகிறார்கள். நாமோ இரவுக்கு இரவு பாளையத்தில் படுத்துறங்கலாம், புழுவும் நம்மோடு உறங்கும். அஸ்டாரியனும் கேலும் கார்லாக்கும் அவரவர் கூடாரத்தின் முன் நின்று, நாம் வந்து வாய் திறக்கும்வரை கொலுப் பொம்மைகள் போலக் காத்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட கொலு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குரலும் முகபாவமும் இதற்கு முன் எவருக்கும் கைகூடியதில்லை. லேசெல், ஷேடோஹார்ட் என்ற இரு தோழியர் கத்தியை உருவிக்கொள்ளும் இரவு ஒன்று அதில் வருகிறது. நாம் உறங்கப் போனால், இடிபாட்டில் சிக்கியவர்கள் மாண்டுவிடும் கட்டம் ஒன்றும் வருகிறது. அத்தகைய இடங்களில்தான் அது மகத்தாகிறது, அவ்விடங்களில் அது பழைய விளையாட்டுகளுக்குத்தான் வாரிசு.

2019-இன் ‘டிஸ்கோ எலீசியம்’ வேறொரு வழி கண்டது: நாயகனின் மண்டைக்குள் 24 குணங்கள் அவனைக் கேளாமலே வாதிடுகின்றன. இங்கே ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் டோர்க்கியிலிருந்து 2024-இல் வந்த ‘புரோக்கன் ரோட்ஸ்’ விளையாட்டோ, மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட மண்ணையும் அதன் பேச்சையும் பிரியத்தோடு தீட்டிவிட்டு, நம் நெறியை நான்கு தத்துவங்களாகப் பிரித்து ஒரு வட்டத்தில் அளந்துகொண்டேயிருக்கிறது. நாம் முகம் திருப்பியபின் அவ்வூரார் என்ன செய்கிறார்கள் என்ற விசாரம் அதற்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்ற ஜூலைக் குளிரில், பழைய ஸ்பெக்ட்ரம் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் ஒன்றில் ‘தி ஹாபிட்’டை மறுபடி ஏற்றினேன். தோரின் பாடிக்கொண்டிருந்தார், காபி கலக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அறையில் ஒருவருமில்லை, கதவு மட்டும் திறந்திருந்தது. வடக்கும் கிழக்குமாக வெகுநேரம் தேடியபின் ஓரிடத்தில் அவரைக் கண்டேன்; இறந்து கிடந்தார். கொன்றது யார் என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.