எழுவாய் இல்லாத மன்றாட்டு

மைசூர் அக்ரஹாரத்தில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். எங்காவது ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்ததென்று செய்தி வந்தால், அந்த வாரம் கடைசித் தேவ இரகசியம் முடிந்ததும் ஒரு சீட்டு கைமாறும். வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட சகோதரிகளுக்காக, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக என்று ஒருவர் வாசிப்பார். மெழுகுவர்த்தி எரியும். பிறகு காப்பி வரும். ஒருமுறை அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் செய்தவன் எங்கே?" என்று கேட்டேன். "செபத்துக்குள்ள எதுக்குங்க அரசியல்?" என்றார் கூட்டத்தை நடத்துபவர். அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

செபம் வீண் என்பது என் கட்சி அல்ல. வீட்டில் வாய் திறக்க முடியாதவளுக்கு, தன் துயரத்தை நாலு பேர் நடுவில் ஒருவர் உரக்கச் சொல்வதே ஆறுதல். அடிமையாக விற்கப்பட்ட சூடான் நாட்டுப் பெண் பக்கீத்தாவின் திருநாளான பிப்ரவரி 8இல், மனிதக் கடத்தலுக்கு எதிராக 2015 முதல் உலகெங்கும் செபிக்கிறார்கள். நல்லதுதான்.

ஆனால் எங்கள் சீட்டை ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள். ஆளாக்கப்பட்ட, பாதிக்கப்பட்ட, சீரழிக்கப்பட்ட... எல்லாம் 'படு'. செயப்பாட்டுவினையில் செய்தவனை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அதுதான் அதன் வசதி. புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இதே நடையில்தான் மன்றாடுகிறோம். புயலுக்கு முகவரி கிடையாது. செய்தவனுக்கு உண்டு. பல நேரம் அது அவள் வீட்டு முகவரியாகவே இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 24 அன்று சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு மாணவியைக் கும்பலாகச் சேர்ந்து வன்புணர்ந்தார்கள். அவள் அங்கே போயிருக்கக் கூடாது என்றார் மாநில உள்துறை அமைச்சர். மாலை 6.30க்குப் பிறகு மாணவிகள் மானசகங்கோத்ரி வளாகத்தில் தனியாக நடமாடக் கூடாதென்று மைசூர்ப் பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. 'எங்கள் பெண் பிள்ளைகளைக் காத்தருளும்' என்ற மன்றாட்டுக்கும் அந்தச் சுற்றறிக்கைக்கும் இலக்கணம் ஒன்றே. இரண்டிலும் பேச்சு பெண்ணைப் பற்றித்தான். ஆண் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறான். 'எங்கள் ஆண் பிள்ளைகளைத் திருத்தும்' என்று எந்தச் சீட்டிலும் நான் இதுவரை வாசித்ததில்லை. பல்கலைக்கழகம் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டது. நாம் பெறவில்லை.

வழிபாட்டுக்குத் தன்மை ஒருமை தெரியாதா? திருப்பலி தொடங்கும்போதே, சிந்தனை, சொல், செயலால் மட்டுமல்ல, கடமை தவறியதாலும் பாவம் செய்தேன் என்று மார்பில் தட்டிக்கொள்கிறோம். அடுத்த வீட்டு அலறலைக் கேட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டியவனும், மருமகளை 'அனுசரித்துப் போம்மா' என்று திருப்பி அனுப்பிய பெரியவரும் அந்த 'நான்'-க்குள் அடக்கம். பெண்ணுக்கான மன்றாட்டு வந்ததும் அந்த 'நான்' மாயமாகிவிடுகிறது.

அசோகா சாலைப் பேராலயத்தில் நாம் வணங்கும் மறைசாட்சி பிலோமினாளின் கதையில்கூடக் குற்றவாளிக்குப் பெயர் உண்டு, பதவியும் உண்டு: பேரரசன் தியோக்கிளேசியன். கதை வரலாறா என்பது வேறு கேள்வி. 1961இல் ரோமே அவள் திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. விவிலியம் இன்னும் துணிச்சலானது. சாமுவேல் இரண்டாம் நூல், 13ஆம் அதிகாரம்: தாமாரைக் கெடுத்தவன் அவள் அண்ணன் அம்னோன். பேசாதே என்று அவள் வாயை அடைத்தவன் இன்னோர் அண்ணன் அப்சலோம். கோபப்பட்டதோடு நின்றுவிட்டவர் தகப்பன் தாவீது. மூவரையும் பெயர் சொல்லி நிறுத்துகிறது வேதம். அவளோ தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, அங்கியைக் கிழித்துக்கொண்டு, ஓலமிட்டபடி போகிறாள். அந்த ஓலமும் செபம்தான் என்பேன். கத்தோலிக்க ஞாயிறு வாசகங்களில் அந்த அதிகாரம் இடம்பெறவே இல்லை.

செபத்தில் சோர்ந்துபோகாதீர்கள் என்று சொல்ல இயேசு காட்டிய ஆள் யார்? நீதிபதியின் வாசலை விடாமல் தட்டிய ஒரு கைம்பெண். அவள் கேட்டது ஆறுதல் அல்ல, தன் எதிராளிமீது நியாயம். 2018 செப்டம்பரில், ஓர் ஆயர்மேல் ஒரு கன்னியர் கொடுத்த புகாருக்கு நியாயம் கேட்டுக் கொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த ஐந்து கன்னியர் அந்தக் கைம்பெண்ணின் வழிவந்தவர்கள். ஆயர் கைதானார், 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்பு எப்படியானாலும், அவர்களின் மன்றாட்டில் எழுவாய் இருந்தது.

அரசியல் வேண்டாம் என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை சீட்டு எழுதாதீர்கள். தாமாரின் அதிகாரத்தை எடுத்து உரக்க வாசியுங்கள். மொத்தம் 39 வசனங்கள்தான். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.